டப்பாக்கா வீட்டு நிறங்கள்

எங்கள் குடியிருப்பில் அவரை எல்லோரும் டப்பாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு மூன்றாவது மாடி, எனக்கு இரண்டாவது மாடி, அவர் வீட்டுக்கு நேர் கீழே. கையில் எப்போதும் ஒரு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பா இருக்கும். அதைக் குலுக்கிக்கொண்டே படியேறுவார். உள்ளே கிடக்கும் குண்டு உருளும் சத்தம் முதலில் வரும், அதற்குப் பின்னால் அவர் வருவார். பெயர் வந்தது அப்படித்தான்.

எந்தப் பொருளை எடுத்தாலும் ஒரே விலை என்று பலகை மாட்டிய கடை ஒன்றில் அவருக்கு வேலை. பிளாஸ்டிக் கூடை, கண்ணாடிச் சட்டம், சோப்புப் பெட்டி, பூ ஜாடி என்று வீட்டுக்கு வேண்டியதும் வேண்டாததுமாக அந்தக் கடையில் எல்லாம் கிடைக்கும். அவர் கணவர் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அதிகம் பேசாதவர். எங்களுக்கு அவர் வேன்காரர். பிள்ளைகள் இல்லை. ஆளுக்கொரு வேலை, இரண்டு அறை வீடு, சண்டை சச்சரவு வெளியே கேட்காத குடித்தனம்.

டப்பாக்கா பிறந்த வீட்டில் எந்தச் சாமானும் புதிதாக வந்ததில்லையாம். கட்டில், அலமாரி, குடை எல்லாமே யாரோ வேண்டாமென்று கொடுத்தது. கல்யாணமாகி வந்த வீட்டிலும் நிலைமை அதிகம் மாறவில்லை. ஒரு நாள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் எதையோ தேடியபோது பாதி தீர்ந்த ஸ்ப்ரே டப்பா ஒன்று கையில் அகப்பட்டது. வெள்ளிபோல மின்னும் சாம்பல் நிறம். வேனின் நிறம். “வண்டில கீறல் விழுந்தா அடிக்க வாங்கினேன்” என்று வேன்காரர் முன்பு சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. வெயிலில் வெளுத்துப்போன பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அடித்துப் பார்த்தார். காய்ந்த பிறகு நாற்காலியைப் பார்த்த அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, யாரையும் உட்காரவிடாமல் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

அந்த நாற்காலியின் பெயிண்ட் ஒரே மாதத்தில் தோல் உரிந்தது. அதற்குள் டப்பாக்கா போனில் ஏகப்பட்ட வீடியோ பார்த்து விஷயத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பை எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் முதலில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளிப் பிடித்து, கையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் வீச வேண்டும். நிறுத்தினால் பெயிண்ட் கண்ணீர் மாதிரி வழியும். அவசரப்பட்டுக் கனமாக அடிப்பவன் இரண்டு தடவை அடிக்க வேண்டிவரும் என்பார்.

அவரும் அவசரப்பட்டதுண்டு. ஒரு தடவை தெர்மகோல் உருண்டைகளுக்கு அடித்துவிட்டார். பெயிண்ட் பட்ட இடமெல்லாம் கரைந்து குழி விழுந்துவிட்டது. “காசு குடுத்து அம்மை வாங்கிட்டேன்” என்று எல்லோரிடமும் காட்டிச் சிரித்தார். இன்னொரு தடவை நான் மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த என் கணவரின் வெள்ளைச் சட்டைகளில் பொடிப்பொடியாகத் தங்கப் புள்ளிகள். நேராகப் போய்க் கேட்டேன்.

“காத்து திரும்பிடுச்சும்மா. நான் என்ன பண்ணட்டும்? கல்யாணச் சட்டை ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோ.”

நான் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஒரு பாட்டிலில் செய்த மேஜை விளக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பாட்டில் என்று சொன்னால்தான் தெரியும். பித்தளை என்று நினைத்து என் மாமனார் அதைத் தட்டிப் பார்த்தார்.

ஒரு வருஷத்துக்குள் டப்பாக்காவின் வீடு ஆளே மாறிப்போனது. வீடியோக்களில் வரும் வீடுகளைப் போல எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாக ஆக்கிவிட்டார். சாப்பாட்டு மேஜை வெள்ளை, அதன்மேல் வைக்கும் தட்டு, கிண்ணம், கோப்பை எல்லாம் வெள்ளை. சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிற நாற்காலிகள். கடையில் ஓரம் நசுங்கியதால் ஒதுக்கிப்போட்ட கூடைகளும் சட்டங்களும் இங்கே வந்து பணக்கார வீட்டுச் சாமான் போல நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சத்தமே இல்லாத வீடு மாதிரி ஒரு தோற்றம்.

வேன்காரரின் அக்கா மாதம் ஒருமுறை தம்பியைப் பார்க்க வருவார். வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “இது வீடா, ஆஸ்பத்திரி வார்டா? எந்தக் கட்டில்ல நோயாளியப் படுக்க வெச்சிருக்க?” என்றார்.

நாத்தனார் பேச்சு டப்பாக்காவை ஒன்றும் செய்யவில்லை. உறுத்தியது வேறு. தன் கணவர் எதைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் அது. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கவில்லை. டப்பாக்கா புதிதாக ஒன்றை அடித்து அவர் கண்ணில் படுகிற மாதிரி வைப்பார். அவர் அதைத் தாண்டிப் போவார். சில சமயம் தாண்டாமல் அதன்மேலேயே மோதுவார்.

மோதுவது கூடிக்கொண்டே போனது. பூ ஜாடி உடைந்தது. தண்ணீர்க் கோப்பை அடிக்கடி கவிழ்ந்தது. குட்டை ஸ்டூலில் காலை இடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் சட்டம் போட்ட கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியபோது டப்பாக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. அன்று அவர் குரல் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

“பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க! ஒண்ணொண்ணா ஒடச்சுப் போடாதீங்க!”

துடைப்பத்தால் கண்ணாடிச் சில்லைக் கூட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கூட்டியது வேன்காரர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. கூட்டி முடித்த பிறகும் மூலையில் ஒரு பெரிய சில்லு அப்படியே கிடந்ததாம். வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்றுதான் டப்பாக்கா அன்றைக்கு நினைத்தார். நாத்தனாரும் தன் பங்குக்கு, “அவனுக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. வாயால சொல்ல மாட்டான், கையால காட்டறான்” என்று போனில் எடுத்துக்கொடுத்தார். அதன் பிறகு கணவனும் மனைவியும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டார்கள்.

ஒரு விடுமுறை நாள். டப்பாக்கா கடைசி நாற்காலிக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது சாம்பல் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. வேனில் ஒரு டப்பா இருக்கலாம் என்று சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். கட்டடத்துக்குப் பின்னால் சுவரை ஒட்டி, நிழலில் வேன் நின்றது. கடைசி இருக்கைக்கு அடியில் ஒரு துணிப்பை. திறந்தால் உள்ளே டப்பாக்கள். ஒன்றல்ல, பை நிறைய, எல்லாம் காலி. கிழிந்த உப்புத்தாள் துண்டுகள். சில நாளாக டப்பாக்கா வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்த ஒட்டும் டேப்பும் அதில் இருந்தது.

முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்ததாம். ‘நம்மளப் பாத்து இவருக்கும் தொத்திக்கிச்சு போல’ என்று நினைத்துக்கொண்டு, எதற்கு அடித்திருக்கிறார் பார்க்கலாம் என்று வேனைச் சுற்றி வந்தார். வலது பக்கம் கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது. இடது பக்கம் சுவரோடு ஒட்டி நின்றதால் உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைய வேண்டியிருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. டப்பாக்காவுக்குத் தெரிந்தது. முன் சக்கரத்திலிருந்து பின் விளக்கு வரை ஒட்டு ஒட்டாகப் புதுப் பூச்சு. சில இடத்தில் பிரைமர் இல்லை. சில இடத்தில் அவசரத்தில் வழிந்து காய்ந்த கோடுகள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பூச்சுக்கு அடியில் கீறல் மேல் கீறல். எல்லாம் இடது பக்கத்தில் மட்டும்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்ததைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“ஒருத்தருக்குக் கண்ணு சரியா தெரியலன்னா, கூட இருக்கறவங்களுக்கு அது தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாமலா இருக்கும்?” என்றேன்.

“எனக்குத் தெரியலியே” என்றார். தம்ளரை வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

அன்று மத்தியானம் கணவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, எதிரே உட்காராமல் அவருக்கு இடது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளைக் கோப்பையில் தண்ணீரை அந்தப் பக்கமே வைத்தார். வேன்காரர் சாப்பிட்டுக்கொண்டே வலது பக்கம் கையை நீட்டித் துழாவினார். பிறகு மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து கோப்பையைத் தொட்டார். டப்பாக்கா சத்தம் போடாமல் தன் கையைத் தூக்கி அவர் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார்.

“டாட்டா காட்டற மாதிரி ஆட்டறேன். மனுஷன் சுவத்தப் பாத்து மென்னுக்கிட்டே இருக்கார்” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கையை இறக்கிவிட்டு, “எப்பலேர்ந்து?” என்று கேட்டார்.

“எது?”

“வண்டிய சுத்திப் பாத்துட்டு வந்துட்டேன்.”

வேன்காரர் கையில் இருந்ததைத் தட்டில் வைத்தார். “இடது பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கு. அவ்வளவுதான். கழுத்தத் திருப்பிப் பாத்து ஓட்டறேன்.”

“உள்ள ஆளுங்க இருக்காங்க.”

“பழகின ரோடு. எனக்குத் தெரியாததா?”

“சுவரும் பழகின சுவருதான். அதுமேல உரசலியா?”

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மறுநாள் விடியும் முன் அவர் வேனில் ஏறியபோது பக்கத்து இருக்கையில் டப்பாக்கா உட்கார்ந்திருந்தார், மடியில் கைப்பையோடு.

“நீ எங்க?”

“வேலைக்கு.”

“உன் கடை இப்பவா தொறக்கறாங்க?”

“இன்னிக்கு எனக்கு இங்கதான் வேலை. எடுங்க வண்டிய.”

வழி நெடுக ஆட்கள் ஏறினார்கள். அக்காவும் கூட வருகிறாரா என்று ஒன்றிரண்டு பேர் கேலியாக விசாரித்தார்கள். வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. பெரிய சாலையிலிருந்து இடது பக்கம் திரும்பும் இடத்தில், வேனை ஒட்டி ஒரு சைக்கிள்காரர் நேராக வந்துகொண்டிருந்தார். வேன்காரர் ஸ்டீரிங்கைத் திருப்பினார். டப்பாக்கா ‘நிறுத்துங்க’ என்று கத்திய கத்தலில் அவர் பிரேக்கை அழுத்த, பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் முன் இருக்கையில் போய் இடித்துக்கொண்டார்கள். சைக்கிள்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையை வேனின் மேல் வைத்தபடி நின்றார். வேன்காரரின் குடும்பத்தில் ஒருவர் விடாமல் திட்டிவிட்டுப் போனார். உடம்பில் ஒரு சிராய்ப்பு கூட இல்லை.

வேன்காரர் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தினார்.

“என்னண்ணே, பஞ்சரா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆமா, பஞ்சர்தான்” என்றார்.

பிறகு போனை எடுத்து, வேன்களைக் கவனிக்கும் மேலாளரைக் கூப்பிட்டார். வண்டிக்குள் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார். “வேற ஆள அனுப்புங்க சார். எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல. இல்ல சார், இன்னிக்கு மட்டும் இல்ல. ரொம்ப நாளாவே.” சாவியை உருவி டப்பாக்காவின் மடியில் போட்டார். மாற்று ஓட்டுநர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு ஏறிய பிறகு, இருவரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். “கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கு. இடது கண்ணுல ரொம்பவே. போன பார்வை திரும்ப வராது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து ஒரு வேளை கூட விடக்கூடாது.” எதிரே நேராக இருப்பது தெரியும், ஓரங்கள் தெரியாது. ஒரே நிறத்துச் சாமான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம். மருந்து விடுவதற்கு மட்டும் மனைவிக்கு முகத்தைக் காட்டினார் வேன்காரர். மற்றபடி பேச்சே இல்லை. எடுத்தது சரியான முடிவு என்று அவருக்கும் தெரியும். ஆனால் வேலை போன கோபத்தை எங்காவது கொண்டுபோய் வைக்க வேண்டுமே. அதை டப்பாக்கா மேல் வைத்தார். டப்பாக்காவும் அதைத் தாங்கிக்கொண்டு கடைக்குப் போனார், வந்தார்.

அந்த மௌனம் சில வாரம் நீடித்தது. ஒரு சாயங்காலம் டப்பாக்கா கடையிலிருந்து திரும்பியபோது, வேன்காரர் கூடத்தின் நடுவில் கையை முன்னால் நீட்டியபடி நின்றிருந்தார். நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவருக்கு ஓரடி தள்ளி இருந்தது.

“இந்த வீட்டுல எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாம் மாவக் கரச்சு ஊத்தின மாதிரி இருக்கு” என்றார்.

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? நீ அவ்வளவு ஆசையா அடிச்சிருந்தே.”

டப்பாக்கா கைப்பையைக் கூட இறக்கிவைக்காமல் நின்றார். இத்தனை நாள் அவரை எவ்வளவு தப்பாக எடைபோட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்ததாம். அழுகை வரவில்லை, கூச்சம் வந்தது என்று சொன்னார்.

அடுத்த விடுமுறையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். வெவ்வேறு நிறத்து டப்பா மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, கணவரைக் கதவருகே நிற்கவைத்து, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். மஞ்சள் தெரிந்தது. சிவப்பு பகல் வெளிச்சத்தில் தெரிந்தது. ஊதா, கறுப்பு மாதிரி இருந்தது. அதன்படி, பார்த்துப் பார்த்துச் செய்த வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கெடுத்தார். நாற்காலிகள் எல்லாம் மஞ்சள். வெள்ளை மேஜையின்மேல் வைக்கும் கோப்பைகளுக்கு வெளிப்புறம் கருநீலம், வாய் வைக்கும் விளிம்பில் மட்டும் டேப் ஒட்டிப் பெயிண்ட் படாமல் காப்பாற்றினார். கதவுக் கைப்பிடி சிவப்பு. சுவிட்சுகளைச் சுற்றிக் கறுப்புச் சட்டம். குட்டை ஸ்டூலுக்கு ஆரஞ்சு. குளியலறைக் குவளைக்குக் கண்ணைக் குத்துகிற ஒரு இளஞ்சிவப்பு. வீட்டின் அழகு போயே போய்விட்டது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

வீட்டோடு நிற்கவில்லை. எங்கள் பொதுப் படிக்கட்டிலும் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் டேப் ஒட்டி மஞ்சள் கோடு இழுத்துவிட்டார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கோபமாக மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார்.

“யாரக் கேட்டு அடிச்சீங்க?”

“யாரக் கேட்டு விழணும்னு சொல்லுங்க, அவங்களக் கேட்டுட்டு அடிக்கறேன்.”

செயலாளர் இறங்கிப் போய்விட்டார். அடுத்த கூட்டத்தில் அந்தக் கோடு தன் யோசனை என்று அவர் சொன்னதாகக் கேள்வி.

நாத்தனார் வந்தது அதற்குப் பிறகு. தம்பி வேலையை விட்டது தெரியும், காரணம் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாசலிலேயே நின்று, “கலர் கடையில குண்டு வெடிச்ச மாதிரி இருக்கே! இதுக்கு அந்த ஆஸ்பத்திரியே தேவலையே” என்றார்.

வேன்காரர் மஞ்சள் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார். “அக்கா, நீ பிடிச்சுக்கிட்டு நிக்கற கதவுக் கைப்பிடி எனக்கு நல்லாத் தெரியுது. நீதான் தெரியல. அடுத்த தடவ மஞ்சளா ஏதாவது உடுத்திக்கிட்டு வா.”

அக்கா சிரித்தார். பிறகு விஷயம் புரிந்து, சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார். டப்பாக்காவிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து வெங்காயம் நறுக்கினார்கள். அதனால் யார் அழுதது என்ற பேச்சே எழவில்லை. அடுத்த மாதம் தலையிலிருந்து கால் வரை மஞ்சளில் வந்து இறங்கினார்.

வேன்காரருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. வேன் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் டப்பாக்காவின் சாமான்களுக்கு உப்புத்தாள் தேய்த்துக் கொடுக்கத் தொடங்கினார். விரலால் தடவிச் சின்னச் சொரசொரப்பைக்கூடக் கண்டுபிடிப்பார். ஆனால் எங்கே நிறுத்துவதென்று தெரியாது. ஒரு மரச்சட்டத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பாதியாக்கிவிட்டார் என்று டப்பாக்கா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் இப்போது தாராளமாகச் சண்டை போடுகிறார்கள். வாய்விட்டு, எங்களுக்குக் கேட்கிற மாதிரி.

அக்கம்பக்கத்தில் பழைய விளக்கு, பூத்தொட்டி, குழந்தை நாற்காலி என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெற்றோருக்குக் கண் மங்கிய வீடுகளிலிருந்தும் சிலர் கோப்பைகளையும் கைத்தடிகளையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சென்ற முறை பரிசோதனையில் பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

தேய்க்கும் சத்தம் மட்டும் எங்கள் தலைக்கு மேல் ஓயாமல் கேட்கிறது. நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். வேன்காரர் உடனே ஒப்புக்கொண்டார். “விளக்குப் போடறதுக்குள்ள நிறுத்திடறேம்மா” என்றார். விளக்குப் போட்டு வெகு நேரமான பிறகும் தேய்க்கிறார். திரும்பப் போய்க் கேட்டால், “அடடே, போட்டாச்சா? எனக்கெப்படித் தெரியும்?” என்கிறார். டப்பாக்கா உள்ளே திரும்பிக்கொண்டு சிரிக்கிறார்.